கூட யாரு வந்தாங்க?

1

மூன்று நீதிபதிகள் என் பல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைப் படிப்பவர்களில் தர்மபுரிக்காரர்கள் இருந்தால் பல் என்றதுமே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் முன்பற்கள் பழுப்பு. ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளை, நடுவில் காப்பிக் கறை மாதிரி கோடுகள். வெற்றிலை, புகையிலை எதையும் தொட்டதில்லை. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து அடிபம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தேன், அவ்வளவுதான். எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைக்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் அது பல்லிலேயே தங்கிவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இப்போது அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறேன். நகராட்சியின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட் வேலை. அங்கே எனக்கு ஒரு அநியாயம் நடந்தது. வழக்குப் போட்டேன், தோற்றேன். அப்புறம் ஒரு நல்ல மேல்முறையீட்டு வக்கீலைத் தேடிப் பிடித்து அப்பீலுக்குப் போனேன். நேற்று தீர்ப்பு வந்தது. என்ன தீர்ப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மனசில் கிடப்பதை இறக்கி வைக்க வேண்டும். இங்கே அதற்கு ஆளில்லை, அதனால் உங்கள் தலையில் இறக்குகிறேன்.

2

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை வகுப்பு போட்டோ எடுப்பார்கள். பாலக்கோட்டு ஸ்டுடியோவிலிருந்து ஒருவர் ஸ்டாண்டும் கேமராவுமாக வருவார். உலகத்தில் எல்லா போட்டோகாரரும் சிரிங்க என்பார்கள். எங்கள் ஆள் மட்டும், "எல்லாரும் வாய மூடுங்க" என்பார். மூடுவோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலு வரிசைப் பிள்ளைகள், ஒருத்தர் உதடு கூடப் பிரியவில்லை. பெண்பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். வெளியூர்க்காரர்கள் அதை நாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது. என் தம்பி முனியப்பனின் பேரப் பிள்ளைகளுக்கு வெள்ளை வெளேர் என்று பல். வீடியோ கால் போட்டால் ஈயென்று காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் இங்கே பார்க்கிற வேலையில் பாதி ஃபுளோரைடு அளப்பதுதான். இந்த ஊர்த் தண்ணீரில் அது குறைவு. பல் கெட்டியாக இருக்கட்டும் என்று பம்பு வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. எங்கள் ஊரில் மண் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டதை நான் இங்கே கணக்காக அளந்து போடுகிறேன். இந்த ஊரில் எந்தக் குழந்தை சிரித்தாலும் அதில் என் கைவேலையும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. என் மகள் நித்யா இந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். சிரித்தால் அப்படி ஒரு அழகு.

எங்கள் நிலையத்தில் தண்ணீர்த் தர மேலாளர் ஓய்வு பெற்றார். அந்த வேலையை நான் தற்காலிகமாகப் பல மாதம் பார்த்தேன். எனக்குத்தான் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பதவிக்கு வருகிறவர் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, நம் தண்ணீர் சுத்தமானது என்று பேச வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் சுற்றிக் காட்ட வேண்டும். பதவியை என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவருக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்க நிலைய இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சிரித்துக்கொண்டே, ரொம்ப அன்பாக, என் பல்லைப் பற்றி ஒன்று சொன்னார். அவர் திட்டியிருந்தால் கூட அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி வசந்தா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

3

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், வக்கீல் ஆபீஸ் இந்த மூன்றுக்கும் யாரும் தனியாகப் போக மாட்டார்கள். நோவு உங்களுடையது, புகாரும் உங்களுடையது, ஆனால் பேசுவதற்கு ஒருத்தர் கூட வருவார். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை, வாய் இருந்தால் போதும். தர்மபுரி கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருத்தர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருத்தர் டீயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டீயைப் பார்ப்பவருக்குத்தான் வழக்கு.

அவமானப்பட்டவன் அந்த வார்த்தையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல மாட்டான். சொன்னால் இன்னொரு தடவை பட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவன், "எனக்கு ஒண்ணும் பெருசா வருத்தம் இல்லீங்க" என்று ஆரம்பிப்பான். அதுதான் மரியாதை. உடனே கூட வந்தவர், "அவன் அப்பிடித்தானுங்க சொல்லுவான், நடந்தது என்னான்னா" என்று எடுத்துக்கொள்வார். வக்கீலும் அதற்காகவே காத்திருப்பார்.

எனக்கும் இங்கே அப்படி ஒருவர் இருந்தார். ஓமலூர்க்காரர், பெயர் முருகேசன், என்னைவிடச் சில வயசு மூத்தவர். கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் வீட்டை வூடு என்று சொல்கிற ஆள் எங்களைத் தவிர இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து காய்கறி வாங்கப் போவோம். தக்காளிப் பெட்டியைப் பார்த்ததும், "இத நம்மூரு மண்டியில மாட்டுக்குக்கூடப் போட மாட்டாங்க தம்பி" என்பார். சொல்லிவிட்டு ஒரு கூடை வாங்குவார். குளிர்காலத்தில் வெளியே நடக்க முடியாது என்று பெரிய ஹார்டுவேர் கடைக்குள் போய், ஆணியும் கதவுப் பிடியும் இருக்கிற வரிசைகளில் நடந்துவிட்டு எதுவும் வாங்காமல் வருவோம்.

வழக்குப் போடலாம் என்று முடிவானதும் அவரிடம்தான் போனேன். "கூட வரீங்களாண்ணா?" என்றேன்.

"வராம? தனியாவா போவீங்க?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் கார். போகிற வழியில் இயக்குநர் சொன்னதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரே தடவைதான். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வக்கீல் இளைஞர். நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய போர்டில் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். இவர் யார் என்று கேட்டார். நண்பர் என்றேன். கூட வந்தவர் என்பதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை. "சரி, உட்காருங்கள்" என்றார். நான் முறைப்படி, எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தேன். முருகேசண்ணன் முறைப்படி எடுத்துக்கொண்டார். தொழிற்சாலை ஆங்கிலத்தில், கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் என் பல்லின் பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். வாயை நன்றாகத் திறக்கச் சொன்னார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் திறந்த வாய் போட்டோ அதுதான்.

4

இந்த நாட்டில் வக்கீலிடம் கட்சிக்காரன் பேசுவது ரகசியம். அதை யாரும் தோண்ட முடியாது. ஆனால் பக்கத்தில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த ரகசியம் போய்விடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அந்த நெடுஞ்சாலை போர்டு வக்கீலும் சொல்லவில்லை.

வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் என்னைக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பேசுவதை எல்லாம் ஒரு பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இயக்குநர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். பல்லைப் பற்றி ஏதோ சொன்னார் என்றேன். வேறு ஏதாவது? அவ்வளவுதான் என்றேன். அந்தப் பெண்மணியின் முன்னால் எனக்கு அதற்கு மேல் வரவில்லை. இதைப் பற்றி வேறு யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, முருகேசன் என்பவர் வக்கீல் ஆபீஸுக்கே கூட வந்தார் என்றேன். எனக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொள்கிற சந்தோஷம் அது. மூன்று வக்கீல்களும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தார்கள்.

அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள். சில நாள் கழித்து என் வக்கீல், முருகேசண்ணன் சொன்னதில் ஒரே ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பி, இது நமக்குப் பெரிய அடி என்றார். அந்தப் பக்கத்தின் கடைசியில் இருந்தது இதுதான்: தனக்குப் பெரிய வருத்தம் இல்லை என்று உங்கள் நண்பர் வக்கீலிடம் சொன்னாரா? ஆமாம், சொன்னார்.

உடனே போன் போட்டேன். "என்னண்ணா, இப்பிடிச் சொல்லிட்டு வந்துட்டீங்க?"

"சத்தியம் வாங்கிட்டுக் கேட்டாங்க தம்பி. வருத்தமில்லன்னு நீங்க சொன்னீங்களான்னாங்க, ஆமான்னன். ஆனா..."

"போதுங்கண்ணா" என்று வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் கீழ்க் கோர்ட்டு நீதிபதி, இந்த வழக்கு விசாரணைக்குப் போகவே தகுதியில்லை என்று தள்ளுபடி செய்தார். பிறந்த நாட்டைக் காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்கினால் தப்பு, பல்லின் நிறத்தைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை என்று எழுதினார். வாதியே தனக்கு வருத்தமில்லை என்று சொல்லியிருக்கிறார் என்றும் எழுதினார்.

நித்யா இந்த நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கிறாள். அவளிடம் விவரமாக எதையும் சொன்னதில்லை, வேலையில் பல்லை வைத்து ஒரு பிரச்சினை, கோர்ட்டுக்குப் போய்த் தோற்றேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். "அப்பா, விட்டுடு. பல்லு மேல ஒரு மூடி மாதிரி ஒட்டிடுவாங்க. ஒரே நாள். யாருக்கும் தெரியாது" என்றாள். அவள் ஆசையாகத்தான் சொன்னாள். அவளுக்கு எதையும் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். போனை வைத்த பிறகு குளியலறைக் கண்ணாடியில் பல்லைப் பார்த்தேன். அதை மூடினால் என் முகத்தில் ஊர் என்று எதுவும் மிஞ்சாது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டு கிடந்தன. ஒரு நாள் மனசு கேட்காமல் ஹார்டுவேர் கடைக்குத் தனியாகப் போனேன். ஆணி வரிசை வரை நடந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மளிகைக் கடை குஜராத்திக்காரர்தான் ஒரு நாள், "உங்கள் நண்பர் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டாராமே" என்றார். எனக்குத் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன்.

5

மேல்முறையீடு செய்ய ஒரு மாதம்தான் கெடு. போர்டு வக்கீல், இதற்கு மேல் எனக்கு வேலையில்லை என்று கழன்றுகொண்டார். சுத்திகரிப்பு நிலையத்தில் கூட வேலை பார்க்கிற ஒருவர்தான் விவரம் சொன்னார். அப்பீல் என்பது தனித் தொழில், கண் டாக்டரும் எலும்பு டாக்டரும் மாதிரி வக்கீலிலும் பிரிவு உண்டு, அதுவும் இது சிவில் உரிமை வழக்கு, பழுத்த கை வேண்டும் என்றார்.

ஒவ்வொரு ஆபீஸாகப் போன் போட்டேன். போனை எடுக்கிறவர்களிடம் மாதையன் என்ற என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வதற்குள் பாதி நேரம் போய்விடும். அப்புறம் வழக்கு எதைப் பற்றி என்பார்கள். பல் என்பேன். ஒரு நிமிஷம் இருங்கள் என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பாட்டு ஓடும். பிறகு, மன்னிக்கவும் என்பார்கள். கடைசியில் மாநிலத் தலைநகரத்தில் ஒரு பெண் வக்கீல், அனுப்பச் சொன்ன காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வாரமே நேரில் வரச் சொன்னார். "தனியாக வாருங்கள். இந்தத் தடவை யாரையும் கூட்டி வராதீர்கள்" என்றார்.

"அந்தக் கவலையே வேண்டாம் அம்மா" என்றேன்.

செருப்பு ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். காத்திருக்கிற பெஞ்சில் ஒரு ஆள் இல்லை. நம் ஊரில் கூட்டமில்லாத வக்கீலிடம் யாராவது போவார்களா? திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவரே வந்து கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடி. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எனக்கு வரவில்லை. வக்கீலம்மா என்றுதான் மனசுக்குள் கூப்பிட்டேன்.

நான் கதையை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்கள் சொல்ல வேண்டாம். இனிமேல் புதிதாக எது சொன்னாலும் மேல்கோர்ட்டில் செல்லாது. வழக்குக் கட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் பேச முடியும். கட்டு முழுவதையும் படித்துவிட்டேன்."

கதையைக் கேட்காத வக்கீலை நான் பார்த்ததே இல்லை. கொண்டுபோன வகுப்பு போட்டோவை எடுத்து நீட்டினேன். அதுவும் செல்லாதுதான். ஆனாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஏன் ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். "இது கட்டில் இருந்திருக்க வேண்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு, "இந்த முருகேசன் யார்?" என்றார்.

"கூட வந்தவர்."

"உங்களுக்காக எதற்கு அவர் பேசினார்?"

டீக்கடையில் நிற்கிற இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். அவமானப்பட்டவன் வாயால் சொல்ல மாட்டான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் தெற்கே பிறந்தவள். என் அம்மா கோர்ட்டுப் படியைத் தனியாக ஏறியதே இல்லை. சர்ச்சிலிருந்து ஒருவர் கூடப் போவார்" என்றார்.

கட்டில் ஒரு இடத்தை விரல் வைத்துத் திறந்தார். "இவர் சொன்னதை முழுக்கப் படித்தீர்களா?"

"ஒரு பக்கம் படித்தேன். போதும்."

"உங்கள் வழக்கு அதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. படித்துக் காட்டவா?"

அந்த வார்த்தை அங்கே இருக்கிறது என்று புரிந்துவிட்டது. முருகேசண்ணன் போனில் ‘ஆனா’ என்று ஆரம்பித்தது இதைச் சொல்லத்தான். "வேண்டாம் அம்மா" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "சரி. ஆனால் நீதிபதிகள் முன்னால் படிப்பேன். கட்சிக்காரர் வந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. வருவது உங்கள் இஷ்டம்" என்றார். அவர் எழுதி மேல்கோர்ட்டில் தாக்கல் செய்த மனுவின் நகல் எனக்கும் வந்தது. நான் திறக்கவே இல்லை.

6

போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

காலையிலேயே காரை எடுத்து, நெடுந்தூரம் ஓட்டி, வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்து, பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்து உள்ளே போனேன். வாசலில் இருந்த காவலர் யாருடன் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நம் ஊரில் கேட்கிற அதே கேள்வி. தனியாக என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில் என் பையை வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் சட்டம் படிக்கிற பிள்ளைகள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகப் பேசினார். பல்லின் நிறத்துக்கும் பிறந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம், இந்தியாவில் எல்லாருக்கும் பல் இப்படியா இருக்கிறது என்றார். ஒரு நீதிபதி சிரித்தார். அப்புறம் அந்த வக்கீல் அந்த ஒரு பக்கத்தைப் படித்தார். வாதி தனக்கே வருத்தமில்லை என்று தன் வக்கீலிடம் சொல்லியிருக்கிறார், அதற்குச் சாட்சி அவருடைய சொந்த நண்பர் என்று முடித்தார்.

வக்கீலம்மா எழுந்து பதில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பக்கத்தை வழக்கில் கொண்டுவந்து சேர்த்தது எதிர்த்தரப்பு. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போக முடியாது. அந்தப் பதில் அடுத்த பக்கத்திலும் தொடர்கிறது. குறுக்கே நிறுத்தப் பார்த்தும் சாட்சி நிறுத்தவில்லை." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

ஆங்கிலத்தில்தான் படித்தார். ஆனால் என் காதில் விழுந்தது ஓமலூர்க் குரல். நான் கேட்டபடியே எழுதுகிறேன்:

"இருங்க சார், நான் முடிக்கல. அவன் வருத்தமில்லன்னுதான் சொல்லுவான். எங்கூர்ல அப்பிடித்தான். அதுக்குத்தான் நான் கூடப் போனன். அந்தப் பெரிய ஆபீசர் அவனப் பாத்து, ‘நீ பொறந்த நாட்டுத் தண்ணி உன் வாயிலயே இருக்குது, நம்ம தண்ணி சுத்தம்னு நீ சொன்னா எவன் நம்புவான்’னு சொன்னாரு. எங்கிட்ட அதச் சொல்றப்ப என் காருக்குள்ள உக்காந்து அழுதான். அத யாருமே கேக்க மாட்டேங்கறீங்க. எழுதிக்குங்க."

நடுவில் இருந்த நீதிபதி, "நீ பிறந்த நாட்டுத் தண்ணீர் என்று சொன்னதாகக் கட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றார் வக்கீலம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்து, அது ஒருவர் சொல்லிக் கேட்டதை இன்னொருவர் சொன்னது, சாட்சியமாக எடுக்கக் கூடாது என்றார். "கீழ்க் கோர்ட்டில் ஆட்சேபம் தெரிவித்தீர்களா?" என்றார் நீதிபதி. அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இல்லை என்றார்.

முன்னால் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. நான் உதட்டை இன்னும் இறுக்கினேன். அப்புறம் பக்கத்து இடத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்று தோன்றியது.

7

நேற்று வக்கீலம்மா போன் செய்தார். கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்கள். வழக்கு திரும்பக் கீழே போகிறது, ஜூரி முன்னால் விசாரணை நடக்கும். "ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். என் வேலை இதோடு முடிந்தது, விசாரணைக்கு ஒரு நல்ல வக்கீலைச் சொல்கிறேன் என்றார். "அங்கே நீங்களே எழுந்து சொல்ல வேண்டும் மாதையன். அந்த வாக்கியத்தை உங்கள் வாயால். வேறு யாரும் சொன்னால் போதாது."

அந்த வாக்கியத்தை மேலே எழுதியிருக்கிறேன். கையால் எழுத வந்துவிட்டது. காலையிலிருந்து சமையலறையில் நின்று இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். ‘நீ பொறந்த’ என்பதோடு நின்றுவிடுகிறது.

நித்யா கூப்பிட்டாள். கோர்ட்டில் நடந்ததன் ஒலிப்பதிவை இணையத்தில் போடுவார்கள், அதைத் தேடிக் கேட்டிருக்கிறாள். அப்புறம், "கார்ல நீ அழுதியாப்பா?" என்றாள். ஆமாம்மா என்றேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். "அந்த அங்கிள் யாரு? நம்ம ரிலேட்டிவா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பல்லுக்கு மூடி ஒட்டுவதைப் பற்றி இந்தத் தடவை அவள் பேசவில்லை.

முருகேசண்ணனின் பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஊர் நம்பர் என்னிடம் கிடையாது. சங்கத்தில் கேட்டேன், அவர்களிடமும் இல்லை. தம்பி முனியப்பன் பாலக்கோட்டில் பஸ் ஏறி தர்மபுரியில் மாறினால் மத்தியானத்துக்குள் ஓமலூர் போய்ச் சேரலாம். இத்தனை வருஷம் எனக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் இருந்த மனிதர் இப்போது என் தம்பிக்குத்தான் பக்கம்.

சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்து, தக்காளி வண்டியை மண்டிக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தான். வழக்கு விசாரணைக்குப் போகிறது என்று சொன்னேன். சந்தோஷப்பட்டான். அப்புறம் எங்கள் ஊரில் யாரானாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"அன்னிக்கு கோர்ட்டுக்குக் கூட யாரு வந்தாங்கண்ணா?"

"வக்கீலம்மா இருந்தாங்கடா."

"அவங்க வக்கீலு. கூட யாரு வந்தாங்கன்னு கேக்கறன்."

யாருமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் இன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டான்.

"ஓமலூர் முருகேசண்ணன் வந்திருந்தாருடா."

"அப்பச் சரி" என்றான். மூச்சு விடுவது கேட்டது. "அவரு பேசினாரா?"

"அவருதான்டா பேசினாரு" என்றேன். "நான் வாயே தொறக்கல."